இந்தியருக்கு இல்லை

தம்பி,

ஆயர் ஈத்தாம்ல இருக்கிற என் ஃபிளாட்டை வாடகைக்கு விடறப்ப உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அம்மா காரியத்தோட பேச்சை நிறுத்தினவங்க நாம, எந்த முகத்தோட சொல்றது?

விளம்பரத்துல ‘இந்தியருக்கு இல்லை’ன்னு போடணும், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்கன்னு ஏஜெண்ட் சொன்னாரு. சரிலா, போடுங்கன்னுட்டேன்.

நேத்து, வேணாம்னு திருப்பிவிட்டவங்க மெசேஜையெல்லாம் அவர் காட்டினாரு. அதுல ஒண்ணு உன் நம்பர். ‘ரெண்டு பிள்ளைங்க, வீட்டைச் சுத்தமா வெச்சிருப்போம்’னு எழுதியிருந்தே. வீட்டுக்காரர்கிட்ட நானே பேசிப் பார்க்கட்டுமான்னும் கேட்டிருந்தே.

‘வீட்டுக்காரரும் உங்க ஆளுதான், அவங்களே வேணாம்னுட்டாங்க’ன்னு அவர் பதில் போட்டிருந்தாரு.

சாவியை இதோட வெச்சிருக்கேன். வந்து இரு. வீட்டுக்காரி யாருன்னு மட்டும் பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதே.

அக்கா