இரண்டு கல்லூரியும் இரண்டு நேரமும்

முத்தையன்கட்டு,
ஆவணி, 1998.

என் அன்பு மகன் கிருபனுக்கு அம்மா எழுதுவது,

ஒட்டுசுட்டான் சிவன் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்காலையும் என்னுடைய வாயையும் தவிர வேறு எதிலும் குறை சொல்வதற்கில்லை, நீயும் அந்தக் குளிர் நாட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. பனிக்குள் நிற்கிறாய், சரி, தொப்பி எங்கே? படம் எடுத்தவன் நீ தொப்பி போடும்வரை பொறுக்கமாட்டானாமா? இந்த முறை சிறுபோக நெல் பரவாயில்லை, வாய்க்கால் தண்ணீர் கடைசிவரை வந்தது, யானைதான் வரம்பால் இறங்கி ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போனது. அப்பா தீப்பந்தத்தோடு வீரமாக ஓடினார், யானை போன பிறகு. அப்பாவைப் பற்றி அண்ணாவுக்கு எழுத வேண்டாம் என்று உன் தங்கச்சி பிரேமிளா சொல்கிறாள், அதனால் இவ்வளவோடு விடுகிறேன்.

தங்கச்சியின் படிப்பு என்ன மாதிரி என்று கேட்டிருந்தாய். அதை எழுதத்தான் இந்தக் கடிதமே. உயர்தரத்தில் கணிதப் பிரிவுதான் படிப்பேன், இஞ்சினியராகத்தான் வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் குளத்தடிக் கல்லூரியில் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் மாஸ்ரர்மார் இருக்கிறார்கள், இரசாயனத்துக்கு ஒருவரும் இல்லை. சந்தியில் இருக்கிற மற்றக் கல்லூரியில் இரசாயனம் படிப்பிக்க ரஜிதா ரீச்சர் இருக்கிறா, பௌதிகத்துக்கு ஆள் இல்லை. பேசாமல் கலைப் பிரிவில் சேரட்டும் என்று அப்பா சொன்னார். பிரேமிளா குசினியில் சட்டி பானை கழுவுகிற சத்தம் ஒரு கிழமையாக அடுத்த வாய்க்கால் வரை கேட்டது. நல்ல காலம், இரண்டு அதிபர்மாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் பௌதிகத்துக்கு எங்களிடம் வருவது, இரசாயனத்துக்கு அவர்களிடம் போவது, தராசும் கண்ணாடிக் குழாய்களும் இரண்டு பேருக்கும் பொது. பெற்றோர் சங்கத்தில் நானும் இருக்கிறேன் அல்லவா, பனங்கட்டியோடு பிளேன்ரீ குடித்துக் கைதட்டிவிட்டு வந்தோம். கல்வி அதிகாரி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தவணை பார்ப்பாராம், வகுப்பு ஒழுங்காக நடந்தால் அனுமதி, இல்லாவிட்டால் மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவாராம். உன் தங்கச்சியின் இஞ்சினியர் கனவு அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

நீ போன பிறகு இங்கே நேரமும் இரண்டாகிவிட்டது மகனே. கொழும்பில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி, பிறகு கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கடைசியில் அரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறது. அது புது நேரம். இங்கே வயலும் மாடும் கடையும் பழைய நேரத்தில்தான் நடக்கின்றன. எங்கள் அதிபர் சிற்றம்பலம் சேர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், வீடு வாசலை விட்டுவிட்டு வந்தாலும் கொழும்புச் சுற்றறிக்கைகளை விடாமல் கொண்டு வந்தவர், அதனால் எங்கள் கல்லூரியில் புது நேரம். சந்திக் கல்லூரி அதிபர் செல்வராசா சேரோ, சூரியனுக்கு இன்னும் சுற்றறிக்கை போகேல்லை என்று சொல்லிக்கொண்டு பழைய நேரத்தில் இருக்கிறார். ஒப்பந்தத்தில் வகுப்பு பத்து மணிக்கு என்று எழுதினார்கள், எந்தப் பத்து என்று எழுதவில்லை. அவரவர் மணிக்கூடுதான் மணிக்கூடு என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. எங்கள் பிள்ளைகள் இரசாயனத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் போய், பொழுது போகாமல் அங்கே நின்ற கொய்யா மரத்தை மொட்டையாக்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கே வருவதற்குள் பௌதிக மாஸ்ரர் பாதிப் பாடத்தை முடித்துவிட்டார். உங்கட பிள்ளையள் நித்திரைக் குஞ்சுகள் என்று எங்கள் அதிபர் கடிதம் அனுப்ப, உங்கட பிள்ளையள் படிக்க வரேல்லை, கொய்யாக்காய் ஆய வந்தவை என்று அங்கேயிருந்து பதில் வந்தது. இரண்டு கடிதமும் ஒரே சைக்கிளில்தான் போய் வந்தன.

எனக்கு வந்ததே கோபம். நேரே சிற்றம்பலம் சேரிடம் போய், என்ர பிள்ளை இஞ்சினியரா வரவேணும் சேர், நீங்கள் ரெண்டு பேரும் மணிக்கூட்டைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியளே என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, சரி வீரம்மா, பிள்ளையளுக்காக நான் இறங்கி வாறன் என்றார். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்தேனா? இல்லை. அன்று பின்னேரமே சந்திக்கும் போய் செல்வராசா சேரிடம் அதையே இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டேன். அவரும் பாவம், சரி அம்மா, நான் இறங்கி வாறன் என்றார். அலுவலை முடித்துவிட்டேன் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். எந்த ஆள் இறங்கினது என்று கேட்டார். ரெண்டு பேரும் என்றேன். மனிதன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மாடு கட்டப் போய்விட்டார். ஏன் சிரித்தார் என்று திங்கட்கிழமைதான் எனக்கு விளங்கியது. எங்கள் கல்லூரி பழைய நேரத்துக்கு வந்துவிட்டது, சந்திக் கல்லூரி புது நேரத்துக்குப் போய்விட்டது! இப்போது எங்கள் பிள்ளைகள் அங்கே பிந்திப் போனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இங்கே முந்தி வந்து எங்கள் விளாமரத்தை முடித்துவைத்தார்கள். சரி, ஒருவராவது திரும்ப மாறினாரா? கேட்டுப் பார்த்தேன். சொன்னால் சொன்னதுதான், வாக்கு மாறமாட்டேன் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். மரியாதை என்பது இவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒருநாள் கல்வி அதிகாரி, பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓட்டுகிற தன் மோட்டார் சைக்கிளில் சந்தியே மறையும்படி புகை விட்டுக்கொண்டு வந்து இறங்கினார். இரசாயன வகுப்பில் பாதி வாங்கில் இருக்க ஆள் இல்லை, எங்கள் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. சிற்றம்பலம் சேரும் நாங்கள் சங்கத்துக்காரரும் கூட்டத்துக்கென்று முந்தியே போய் நின்றோம். இப்ப என்ன நேரம் என்று அதிகாரி கேட்டார். பத்து மணியாச்சு என்று செல்வராசா சேர் புது நேரத்தைச் சொன்னார். இல்லையில்லை, உங்கட நேரப்படி இன்னும் பத்தாகேல்லை என்று சிற்றம்பலம் சேர் பழைய நேரத்தைச் சொன்னார். கலியாண வீட்டில் முதற் பந்திக்கு நீங்கள் இருங்கோ, நீங்கள் இருங்கோ என்று இழுபடுவார்களே, அப்படி இழுபட்டார்கள். அதிகாரி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய மணிக்கூடு பற்றரி இல்லாமல் எப்போதோ நின்றுவிட்டது, இங்கேதான் தடை போட்டுப் பற்றரி உள்ளே வர விடுவதில்லையே, மனிதன் அழகுக்குக் கட்டியிருக்கிறார். அந்த எரிச்சலும் சேர்ந்ததோ என்னவோ, நேரமே இல்லாத வகுப்பை நடத்துறதிலும் பாக்க மூடுறது நல்லது என்று சொல்லிப் பேனையை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் புழுதியோடு வந்து சேர்ந்தார்கள். முன்னுக்கு பிரேமிளா. பேனையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, பிடித்தபடியே நின்றாள். மகனே, அவள் முகத்தைப் பார்த்த பிறகு நான் சும்மா நிற்பேனா? நான் வாயைத் திறந்தேன், என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், அப்பா எழுதுவார்.

நல்லவேளை ரஜிதா ரீச்சர் கரும்பலகைச் சோக்குப் படிந்த கையோடு வெளியே வந்தா. ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசாத பிள்ளை. சேர், நான் ஒரு மணிக்கூட்டையும் பாக்கிறேல்ல, ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளையளும் வந்து இருந்தாத் துவங்குவன், பாடம் முடிஞ்சாத்தான் விடுவன், இண்டைக்கு வரைக்கும் ஒரு பாடமும் விடுபடேல்லை, வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ என்று சொன்னா. அதிபர்மார் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடிதம் எழுதுகிற அவசரத்தில் அதைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதிகாரி வகுப்புக்குள் போய்க் கேள்வி கேட்டார், எங்கள் பிள்ளைகளும் சொன்னார்கள், அவர்கள் பிள்ளைகளும் சொன்னார்கள், பிரேமிளா கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதிக் காட்டினாள். அவர் வெளியே வந்து, வகுப்புத் தொடரலாம், இரு கல்லூரி மாணவரும் வந்து சேர்ந்தபின் பாடம் ஆரம்பமாகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பௌதிகத்துக்கும் அதுதான் சட்டம் என்றார். இப்போது யாராவது பிந்தினால் மற்றப் பிள்ளைகளே அவனைப் பிடித்துத் தின்றுவிடுகிறார்கள்.

போன கிழமை தவணைப் பரீட்சை முடிவு வந்தது. உன் தங்கச்சிக்கு இரசாயனத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி. சித்தியடையவே காணாது, தோல்விதான். இவ்வளவு ஓட்டமும் இந்த முப்பத்தெட்டுக்கா என்று அப்பா கேட்டார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், பிறகு அழுத கண்ணோடு அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நான் அப்பாவிடம் சொன்னேன், ஓம், முப்பத்தெட்டுத்தான், வேண்டாத பாடத்தில் தொண்ணூறு எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இந்தப் பிள்ளை இப்படி அழுதிருக்குமா என்று.  கொஞ்ச நேரத்தில் அவர் விளக்கில் மண்ணெண்ணெய் காணாது என்று தானே எழும்பிப் போய், யானை கலைக்கிற தீப்பந்தத்துக்காக ஒளித்து வைத்திருந்த போத்தலை எடுத்து வந்து அவளுடைய விளக்குக்கு ஊற்றினார்.

நீ தீர்க்காயுசோடு, நோய் நொடியில்லாமல், நல்ல மனிதர் மத்தியில் இரு என் ராசா. தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, புள்ளியைப் பற்றிக் கேட்காதே, என்ன படிக்கிறாய் என்று மட்டும் கேள், அவள் பக்கம் பக்கமாக எழுதுவாள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ப. வீரம்மா