கொலும்பாவின் பாவசங்கீர்த்தனச் சீட்டு

கோஜே தீவு, தென் கொரியா, டிசம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? எனக்கு இருமல்கூட இல்லை.

நேற்று எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்பியக் குழுத் தலைவி ருஃபினா அக்கா, கிறிஸ்துமஸ் பாவசங்கீர்த்தனச் சீட்டுகளை வீடு வீடாகக் கொடுத்தார். என் கதவை மட்டும் தாண்டிப் போனார். ஓடிப்போய்க் கேட்டேன்.

“கொலும்பா, உன் பேரு இன்னும் உங்க ஊர்ப் பங்குக் கோயில்லதானே இருக்கு? நீ இங்க வந்து மூணு வருஷமாச்சு! இங்க மாத்திடுடி, சீட்டோட கிம்ச்சியும் தர்றேன்.”

சிரித்துச் சமாளித்தேன். அப்பா போனபின் கோயில் பதிவில் நம் வீட்டுக்கு இருப்பது இரண்டே பெயர். நான் மாற்றினால் உங்கள் பெயர் தனியாக நிற்கும்.

என் சீட்டு அங்கே வந்திருக்கும், தபாலில் அனுப்புங்கள்; பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இங்கே கோயிலில் கொடுத்துவிடுகிறேன். காய்ந்த முள்ளங்கி இலையும் கொஞ்சம் வையுங்கள்.

கப்பல் பட்டறையில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும். சீட்டு கொண்டுவருபவர் என்னைக் கேட்டால், சும்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள், அம்மா.

கொலும்பா