எட்டு மணி எண்கள்

புதுச்சேரி
15.2.2008

அன்புள்ள அண்ணன் கமலக்கண்ணனுக்கு,

தங்கை கலைவாணி எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். நீ நலமா என்று கேட்கலாமென்றால், நீ சொல்லி அனுப்பிய சேதியைக் கேட்ட பிறகு அதுவும் வீண் கேள்வி. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இதைக் கலீலுல்லா பாய் உனக்குப் படித்துக் காட்டுவார். பனியன் வாங்கத் திருப்பூர் வருகிற மனுஷன், நமக்குப் பக்கத்தில் கடை வைத்த ஒரே பாவத்துக்காக இந்தச் சுமையையும் தூக்கி வருகிறார். நடுவில் உனக்கு ரத்தம் கொதித்தால் அவர் சட்டையைப் பிடிக்காதே. வெட்டியது நீ, பதில் சொல்வது நாங்கள் என்று ஆகிவிட்டது. இதையாவது உட்கார்ந்து கடைசி வரை கேள்.

இந்த மாதம் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மாத்திரை அலாரம் போனில் அடித்தது. பிரஷர் மிஷினின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். கதவை உதைத்துக்கொண்டு மண்ணாங்கட்டி உள்ளே வந்தான், கூட இரண்டு பேர். ஆறு மாதத்துக்கு முன்னால் நீ வெட்டிப் போட்டுவிட்டு ஓடினாயே கலியமூர்த்தி, அவனுடைய கூடப் பிறந்த தம்பி. அம்மாவை முடியைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குள் தள்ளினான். எங்கடி இருக்கான் உங்க நொண்ணன் என்றான். தெரியாது என்றேன். அறைந்தான். மறுபடி கேட்டான், மறுபடி தெரியாது என்றேன், மறுபடி அறைந்தான். இடது காது இன்னும் இரைகிறது. அப்புறம் என் வலது அடிவயிற்றில், ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்தில் கத்தி நுனியை வைத்து அழுத்தி, எங்க போய்த் தேடறது, பாதி ஆளு இங்கதான இருக்கான், வெளிய எடுத்துடவா என்றான். நீ எனக்குக் கிட்னி கொடுத்த கதை அவன் இருக்கும் கருவடிக்குப்பம் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

போனைப் பிடுங்கிப் பார்த்தான். உனக்கு அனுப்பியதெல்லாம் வெறும் எண்கள். இன்னாடி இது, லாட்டரி நம்பரா என்றான். உண்மையைச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தினமும் எட்டு மணிக்கு எடை, பிரஷர், காய்ச்சல், மூத்திர அளவு நான்கையும் அண்ணனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவேன், பார்த்ததற்கு அடையாளமாக ஒரு மிஸ்டு கால் கொடுப்பான் என்றேன். எண் மோசமானால் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவான் என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. சாவக் கெடக்கறேன், ஒடனே வான்னு போடு என்றான்.

என் அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தப் போனில் தமிழ் வராது, எண் மட்டும்தான் படிப்பான் என்றேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நீ முழுக்குப் போட்டது அன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்கு உதவியது. அப்படின்னா சாவற நம்பரா பாத்துப் போடு என்றான்.

போட்டேன். எடை 52, பிரஷர் 118 78, காய்ச்சல் 98.2, மூத்திரம் 1900. எந்த நோயும் இல்லாதவர்களுக்குக்கூட அவ்வளவு அழகாக அமையாது. இதுல எதுடி மோசம் என்று கேட்டான். காய்ச்சல்தாண்ணா, நூறு டிகிரியில தண்ணியே கொதிக்குது, எனக்குத் தொண்ணூத்தெட்டு என்று சொல்லி அழுதேன். கூட வந்த இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது, அண்ணா. உன் மிஸ்டு காலும் வந்தது. வரான் பாரு என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் அரிவாளோடு உட்கார்ந்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்தான். அம்மா சமைத்ததைத்தான் தின்றான். எனக்காக உப்புப் போடாத சாம்பார். மாடுகூட இத்தத் தின்னாது என்று தட்டை அம்மா மேல் எறிந்தான், நெற்றி கிழிந்தது, பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு தையல். ஞாயிற்றுக்கிழமையும் எண் அனுப்பச் சொன்னான். முந்தின நாளைவிட நல்ல எண்ணாகப் பார்த்து அனுப்பினேன். நீ அங்கே நிம்மதியாக டீ குடித்திருப்பாய்.

ஆனால் என் மாத்திரைகளை முதல் நாளே சாக்கடையில் கொட்டிவிட்டான். சீக்கு முற்றினால் நீ சீக்கிரம் வருவாய் என்று நினைப்பு. காலை எட்டு, ராத்திரி எட்டு என்று அலாரம் மட்டும் தவறாமல் அடிக்கும். ஒரு வேளை விட்டாலும் உடம்பு உன் கிட்னியை வெளியாள் என்று நினைத்து அடிக்க ஆரம்பிக்கும் என்று சென்னை நர்ஸ் பாக்கியலட்சுமி நம் இருவருக்கும் படித்துப் படித்துச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? ஐந்து வேளை போயிற்று. ஒரு மாத்திரையாவது கொடு என்று அவன் காலில் விழுந்தேன். இதை நான் உன்னிடம் மறைக்க நினைத்தேன், மறைக்கவில்லை.

ஞாயிறுதோறும் அந்த வார எண்களைப் பிரவுசிங் சென்டரில் எக்செல்லில் ஏற்றிப் பாக்கியலட்சுமி நர்சுக்கு மெயில் அனுப்புவேன் இல்லையா? பதினான்கு மாதத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. அந்த ஞாயிறு மெயில் போகவில்லை. திங்கட்கிழமை காலை அவர் என் போனுக்கு அடித்து, யாரும் எடுக்காததால், நாம் அவரிடம் கொடுத்து வைத்திருந்த பாய் கடை நம்பருக்குப் பேசியிருக்கிறார். பாய் வந்து கதவைத் தட்டி, மெட்ராஸ் ஆஸ்பத்திரி போனும்மா, ஆம்புலன்ஸ் அனுப்பவான்னு கேக்கறாங்க என்று முதலியார்பேட்டைக்கே கேட்கக் கத்தினார். மண்ணாங்கட்டி கிளம்பினான். பிரஷர் மிஷினைச் சுவரில் அடித்தான், போனை மிதித்து நொறுக்கினான். பிறகு தழும்பைக் குறி பார்த்து உதைத்தான். இரண்டு முறை. அன்றைக்கு மூத்திரம் சிவப்பாகப் போனது.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கிட்னி கெட்டால் ஏறும் அந்தக் கிரியாட்டினின் 3.4. எப்போதும் ஒன்றைத் தாண்டாதது. சென்னை டாக்டரிடம் கேட்டு மூன்று நாள் பெரிய ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இனி உன் சேதிக்கு வருகிறேன். வீட்டில் நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, மாசி மகத்தன்று தீர்த்தவாரிக் கூட்டத்தில் வைத்து அவனை முடித்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினாயாமே. வரும் வியாழக்கிழமை மகம். அவன் உனக்காக வெறும் கையோடு காத்திருப்பானா? அவன் ஆட்கள் நாட்டு வெடிகுண்டு கட்டி வைத்திருக்கிறார்கள் என்று போலீஸ்காரரே அம்மாவிடம் சொன்னார். சாமி பார்க்க வரும் பிள்ளைகுட்டிகளுக்கு நடுவில் உங்கள் வீரத்தைக் காட்டப் போகிறீர்களா?

எனக்குக் கோபம் இல்லையென்று நினைக்காதே. இந்தக் கட்டிலில் படுத்தபடி அவனை நூறு முறை கொன்றிருக்கிறேன். கழுத்தை, கையை, என்னை உதைத்த காலை என்று வெட்டியிருக்கிறேன். ஆனால் யார் வீட்டுக் கதவை யார் முதலில் உதைத்தது என்று யோசித்தால் உன் கால்தான் முன்னால் வந்து நிற்கிறது. கலியமூர்த்திக்கும் வீட்டில் ஒரு தங்கை இருக்கிறாளாம். கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் உனக்குச் சொன்னது அரிவாளுக்கும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் எனக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு பக்கத்தை நடுத்தெருவில் வெட்டுக்கு நீட்டுகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

நீ வரக் கூடாது என்றுதான் ஐந்து வேளை மாத்திரையைப் பறிகொடுத்துவிட்டு நல்ல எண் அனுப்பினேன். இப்போது நீயாகவே வந்தால் நான் பட்டதெல்லாம் எதற்கு?

பாய்க்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் அங்கேயே இருக்கிறார். நாளைக்கே அவரோடு போய்க் கோர்ட்டில் சரணடைந்துவிடு. செய்ததற்கு உள்ளே இரு. ஜெயில் சோற்றில் உப்பைக் குறைத்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி.

இன்று காலை என் புது ரிசல்ட் வந்தது. அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். பாய்க்கும் தெரியாது, அவரைக் குடையாதே. நீ சரணடைந்தாய் என்ற சேதி வரட்டும். மனுப் போட்டுப் பார்க்க வருவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ முழுசாக வந்து நின்றால், இந்தப் பக்கம் நின்று என் வாயால் சொல்கிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், அண்ணா. உள்ளே இருந்தாலும் இரு.

இப்படிக்கு,
கலைவாணி