மலைமேல் கொண்டுபோன தலையணை

மாப்ள,

இன்று காலை உன் மகன் காளவாசலில் என் சூளைவரை வந்து, புது இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் கொடுத்தான். யுத்தத்தில் துணி கிடைக்காத இந்த நாளிலும் எனக்கென்று அவனே தைத்ததாம். முகர்ந்து பார்த்தேன். உடனே தும்மல். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நம் இருவருக்கும் இரைப்பு. நீ மெத்தைக் கடைக்காரன், நான் செங்கல் சூளைக்காரன். வைத்தியர் வீட்டு வாசலில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் பழக்கமானோம். மாடிப்படி ஏறக்கூடாது, ஆடாதொடை இலை தின்ன வேண்டும் என்றார் அவர். இலை பறிக்க நாகமலை அடிவாரத்துக்குப் போனோம். நீ அண்ணாந்து பார்த்தாய்.

"மாடிப்படின்னுதானே சொன்னாரு? மலைன்னு சொல்லலையே மாப்ள?"

பேசிக்கொண்டே ஏற வேண்டும், பேச்சு பாதியில் நின்றால் உட்கார வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து உச்சிக்கே போய்விட்டோம். கீழே சமயநல்லூர்ப் பக்கம் ரயில் புகைவிட்டுப் போனது. நெஞ்சில் விசில் சத்தமே இல்லை.

"ஏறுனா மூச்சு வாங்கணும்ல? நமக்கு மட்டும் ஏன் லேசாகுது?"

நீயே கேட்ட அந்தக் கேள்வி உன்னைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை உன் கடை அடைப்பு. விடிய ஏறி, ஜும்மா தொழுகைக்குள் இறங்கிவிடுவோம். ஒரு வாரம் இலையை மென்று ஏறினோம், மறுவாரம் மெல்லாமல் ஏறினோம். காற்றுப் பக்கம் உட்கார்ந்தோம், மறைவில் உட்கார்ந்தோம். எப்படிப் பார்த்தாலும் மூச்சு சுகமாகத்தான் இருந்தது.

பாறையில் பிடரி வலிக்கிறதென்று ஒருநாள் கடைத் தலையணையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். படுத்த கொஞ்ச நேரத்தில் உனக்கு இழுக்கத் தொடங்கியது. அங்கேயே போய்விடுவாயோ என்று நான் பயந்து உன் முதுகைத் தடவினேன். தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாய். மெல்லத் தெளிந்தது. நீயோ பயப்படாமல் அதை மறுபடி மூக்கருகே கொண்டுபோய்த் தும்மிப் பார்த்தாய்!

"யா அல்லா, பஞ்சா?"

என் கையைப் பிடித்தாய்.

"வெளிய சொல்லிராத மாப்ள. மெத்தைக்காரனுக்கே பஞ்சு ஆகாதுன்னா எவன் வாங்குவான்? பொம்பளப் பிள்ளைகள கரையேத்தணும்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தொழிலை மாற்று என்று மன்றாடவும் செய்தேன். "வேற என்ன தெரியும் எனக்கு? வாரத்துக்கு ஒருநா புது நெஞ்சோட இறங்குறேன், அது போதும்" என்றாய். மற்ற நாளெல்லாம் பஞ்சு, வெள்ளிக்கிழமை மலை. அப்படியே பெண்களைக் கட்டிக்கொடுத்தாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது இரைப்பு இல்லை, வாந்திபேதி. அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உன் மகன் காலையில் பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி நெஞ்சைத் தடவினான். அதே விசில்.

"சூளைத் தூசி மாமா, அம்புட்டுத்தான்" என்றான்.

பஞ்சுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், உனக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை விடிய நாகமலைக்கு வாரியா?" என்றேன்.

"மலைக்கா? மாடிப்படியே ஏறக்கூடாதுன்னு வைத்தியரு சொல்லியிருக்காரு மாமா."

"மாடிப்படின்னுதானே சொன்னாரு?"

சிரித்துக்கொண்டே சரி என்று போனான். நான் வாய் திறக்கமாட்டேன் மாப்ள, பயப்படாதே. அவன் தைத்த தலையணையை மட்டும் உச்சிவரை நான் சுமந்துகொண்டு போகிறேன்.