அளந்து வைக்காத முகம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுகிறேன். போன மாதம் சொன்ன இருமல் நின்றதா? இங்கே உங்கள் மகளுக்கு எட்டுப் பல் முளைத்துவிட்டது. கைக்கு எட்டியதையெல்லாம் கடிக்கிறாள். என் மூக்குக்கண்ணாடிக் காலைக்கூட விட்டுவைக்கவில்லை.

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டாள்.

நீங்கள் ஃபோன் செய்து ஒன்பது நாளாகிறது. கடைசியாக, "மூணு மாசமா ஃபோன் கேமரா ரிப்பேர்னே சொல்ற. என்கிட்ட என்னத்த மறைக்கிற?" என்று நீங்கள் கத்தியது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. உங்கள் கோபத்தில் தவறில்லை. கேமரா நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்பு சமையலறையில் கேஸ் பற்றிக்கொண்டது. அவளுடைய இடது கன்னம், தாடை, பாதிக் காது எல்லாம் வெந்துபோயின. கண் தப்பியது. கேஸ் டியூப் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றுங்கள் என்று அவள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று தள்ளிப்போட்டவன் நான். அன்று காலையிலும் வாடை வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும் என்றேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் பேப்பர் படித்தேன். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

புண் ஆறிவிட்டது. ஆறிய இடத்தில் தழும்பு கயிறுபோலத் தடித்து வாயை ஒரு பக்கமாக இழுக்கிறது. அதை அமுக்கி வைக்க, முகத்தோடு ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் முகமூடி போடவேண்டும் என்றார் டாக்டர். மயிரிழை அளவு விலகினாலும் அங்கே தழும்பு எழும்பிவிடுமாம். போன செவ்வாய்க்கிழமை முகத்தை அளக்கப் போனோம்.

அளக்க டேப்பெல்லாம் இல்லை. இருட்டறையில் உட்காரவைத்து, முகத்தின் மேல் கறுப்பும் வெளுப்புமாக மெல்லிய ஒளிக்கோடுகளை விழவைக்கிறார்கள். சுவரில் நேராக விழுகிற கோடு மூக்கில் ஏறிக் கன்னத்தில் வளைந்து இறங்குகிறது. அந்த வளைவைக் கேமரா பிடித்து, ஒவ்வொரு புள்ளியின் மேடு பள்ளத்தையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டுவிடுகிறது. தழும்பு பளபளத்ததால் கோடு சரியாகத் தெரியவில்லை. அளவெடுப்பவர் பவுடர் ஒற்றினார். "பவுடர் போட்டு எத்தனை நாளாச்சுப்பா" என்றாள் என் மகள். "கொஞ்ச நேரம் வரிக்குதிரையா இருங்கம்மா, அசையக் கூடாது" என்று அவர் சொன்னதும் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. அதில் அளவு கெட்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

முடிந்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வீட்டுக் கண்ணாடிகளையெல்லாம் நான் கழற்றி ஒளித்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? சாம்பல் நிறத்தில், முடியில்லாத ஒரு தலை மெதுவாகச் சுழன்றது. அவள் முழுச் சுற்றும் பார்த்தாள். பிறகு, "பழைய ஃபோட்டோ தர்றேன். அதை வச்சு முன்ன இருந்த அளவை எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"ஃபோட்டோவுல மேடு பள்ளம் சரியா வராதும்மா. யாராவது முன்னாடியே அளந்து வச்சிருந்தா பாக்கலாம்" என்றார்.

நன்றாக இருக்கும் முகத்தை யார் மாப்பிள்ளை அளந்து வைக்கிறார்கள்? கடைசியில் வலது கன்னத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு, இடது பக்கத்துக்கு உத்தேசமாக ஒரு வடிவம் கொடுத்தார்.

நேற்று முகமூடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கிட்டே போனவளைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் மகள் துணி மடிக்கப் போய்விட்டாள். தினமும் இருபத்துமூன்று மணி நேரம் அதைப் போட்டிருக்கவேண்டும். குளிக்க, சாப்பிட எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்தான் கழற்றலாம்.

உங்களிடம் சொல்லிவிடலாம் என்றேன். "லீவுல வரட்டும்ப்பா. வர்ற அன்னைக்கு அந்த ஒரு மணி நேரத்தை வேற எதுக்கும் செலவழிக்க மாட்டேன். கழட்டிட்டுத்தான் வாசல்ல நிப்பேன். பாத்துட்டு அவரே முடிவு பண்ணட்டும்" என்றாள்.

சொன்னபடியே நிற்பாள். நீங்கள் வருவீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. டியூப் விஷயத்தில் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றால் போய்விடுகிறேன். வாசலில் அவளைப் பார்க்கும்போது மட்டும், குழந்தையைத் தூக்குகிற சாக்கில்கூடக் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்