இரண்டுக்கும் ஒரே வார்த்தை

தவக்காலம், வெள்ளிக்கிழமை.

நாளை மகள் ஸ்டெல்லாவுக்கு முதல் பாவசங்கீர்த்தனம்; பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி, அவர் கொடுக்கும் பரிகாரத்தைச் செய்ய வேண்டும். சாயங்காலம் மனஸ்தாப மந்திரத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, மனஸ்தாபம்னா சண்டை போட்டுக்கிட்டுப் பேசாம இருக்கிறதுதானே? நீயும் அத்தையும் இருக்கீங்களே, அது மாதிரி?"

"இது வேறடி. செஞ்ச பாவத்துக்காக மனசு வருந்துறது."

"அப்போ ரெண்டுக்கும் ஏன் ஒரே வார்த்தை?"

மந்திரத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். யார் வயலுக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்ற தகராறில் நாத்தனாரோடு பேச்சு நின்று, இரண்டு போகம் அறுத்தாயிற்று. கோபம் என்றே நினைத்திருந்தேன். அவள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் நடை மெதுவாகிறதே, அது கோபமில்லை.

படுக்கும்போது ஸ்டெல்லா மறுபடி கேட்டாள். "அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டா, சாமியார் மாதிரி அவங்களும் பரிகாரம் கொடுப்பாங்களாம்மா?"

கொடுப்பாள். எனக்குத் தெரியாதா அவளை? "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்பாள்.