மல்லம்மாவுக்கு விழுந்த சீட்டுகள்

மைசூர்
9.8.1996

சௌபாக்கியவதி உமாவுக்கு அப்பா எழுதுவது. டில்லியில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மழைதான் விட்டபாடில்லை, எனக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வயிற்றெரிச்சல் மட்டும் தாங்கவில்லை. காரணம் நீதான்.

பள்ளியில் பிள்ளைகள் மனசு எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்க உங்கள் ஆபீசில் தயாரித்த கேள்விச் சீட்டை அனுப்பினாயே, அதைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லி நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். பதினெட்டு வருஷமாக ஹெட்மாஸ்டர், நான் வராந்தாவில் நடந்தால் ஒரு வகுப்பில் சத்தம் இருக்காது, எனக்கென்ன பயம் என்று இருந்தேன். ஒரு கஷ்டம் என்றால் பள்ளியில் யாரிடம் சொல்வாய் என்ற கேள்விக்கு ரூபா டீச்சருக்கு முப்பது, போகட்டும், சிரித்துப் பேசுகிற பெண். ஐம்பத்தெட்டுப் பேர் மல்லம்மா என்று எழுதியிருக்கிறார்கள். ஆமாம், மணியடித்துத் தண்ணீர் பிடித்து வைக்கிற நம் ஆயா மல்லம்மாதான்! எனக்கு இரண்டு. அதில் ஒன்று சேகரன் சார் மகனுடைய கையெழுத்து, அப்பன் சொல்லி எழுதியிருப்பான்.

பொறாமைதான், வேறென்ன? ஒரு வாரம் ஜன்னல் வழியாக அவளையே பார்த்தேன். பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. குழாயடியில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைக்குப் பின்னலைச் சரிசெய்துகொண்டே என்ன ஆச்சு என்பதைத் தன் கன்னடத்தில் ஏனாச்சு கண்ணு என்பாள், அவ்வளவுதான். என் மனம் ஆறவில்லை. பின்பக்க அறையில் பழைய ரிஜிஸ்டர்களைத் தூசி தட்டு என்று அனுப்பிவிட்டேன். நான் ஏனு தப்பு பண்ணேன் மேஷ்ட்ரே என்று கேட்டாள். போய் வேலையைப் பார் என்றேன்.

மூன்றாம் நாள், செல்லக்கண்ணு மேஸ்திரியின் மகள், ஆறாம் வகுப்பு, தண்ணீர் குடிக்கப் போனவள் கொதிக்கிற காய்ச்சலோடு மத்தியானம் வரை குழாயடியிலேயே சுருண்டு கிடந்தாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, மல்லம்மா வரும்னு உக்காந்திருந்தேன் சார் என்று நடுங்கினாள். அது காய்ச்சல் நடுக்கமா, என்னைப் பார்த்த நடுக்கமா, இன்னும் தெரியவில்லை. இப்போது தேறிவிட்டாள். மல்லம்மாவை அப்போதே பழைய இடத்துக்கு வரச்சொன்னேன். இடைவேளையில் நானும் அங்கே ஒரு ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். நாலு நாளாகிறது. பிள்ளைகள் என் கிட்டே வராமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்த் தண்ணீர் குடிக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னால், உங்க பொண்ணே அப்படித்தானே இருந்தா என்கிறாள். ஆறாம் வகுப்பில் கணக்கில் ஒன்பது மார்க் வாங்கி நீ மல்லம்மா மடியில் அழுததும், அவள் அந்தப் பேப்பரை ஒளித்து வைத்ததும் இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. குழாயடிக்கும் என் அறைக்கும் பத்தடி இருக்குமா உமா? பள்ளியிலும் நான், வீட்டிலும் நான். அன்று அந்தச் சீட்டைக் கொடுத்திருந்தால் யார் பெயரை எழுதியிருப்பாய்? வேண்டாம், பதில் எழுதாதே.

வெளியில் தண்ணீர் குடிக்காதே, காய்ச்சிக் குடி. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழவேண்டும். தசராவுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. மல்லம்மாவுக்கு ஒரு புடவை எடுத்து வா, தினமும் உன்னைக் கேட்கிறாள். ஆனால் வந்து இறங்கியதும் முதலில் என்னிடம் வந்து ஏதாவது ஒரு கஷ்டத்தைச் சொல்லு. இல்லாவிட்டால் கற்பனையாகவாவது ஒன்று சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
இராமச்சந்திரன்